ஒரு அடுக்கு அதிகம்

அத்தியாயம் 6

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவனுக்கு இரண்டே துணை. ஒன்று பொறுமை, இன்னொன்று மறுபிறவி. முபாஷிருக்கு முதலாவது பிறக்கும்போதே கிடையாது. இரண்டாவதில் அவன் மார்க்கத்துக்கே நம்பிக்கை கிடையாது. ஆகவே ஹாரனை அழுத்தினான்.

“மேடம், இந்த லாரி போன ரம்ஜான்லேர்ந்து இங்கியே நின்னுகினு கீது. டிரைவரு உள்ளயே பேரன் பேத்தி எடுத்துட்டிருப்பாரு.”

“ஹாரன வுட்டுட்டு சந்துல பூர்றா,” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கமித்ரா.

வியாசர்பாடியில் பதினாறு வயதில் பாக்ஸிங் மெடல் வாங்கி, முப்பத்திரண்டு வயதில் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். அவளுக்கு முபாஷிர்தான் உதவியாளன், வண்டியோட்டி, டீ வாங்கி வருகிறவன், எல்லாம். இப்போது அவள் மடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது. பச்சைக் குழந்தையைப் போல அதை அணைத்துப் பிடித்திருந்தாள்.

கண்ணாடியில் அந்தப் பக்கெட் தெரியும்போதெல்லாம் முபாஷிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரணம் இருக்கிறது. இரண்டு நாளைக்கு முன்னால் திருவொற்றியூர் குப்பத்து ஆலிஸ் அவர்கள் ஆபீஸ் படியேறி வந்தாள். காசிமேட்டில் முப்பது வருஷமாக மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். வந்தவள் இந்தப் பக்கெட் நிறைய சங்கரா மீனை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“தங்கச்சி, என் ஃபைபர் போட்டு காணாம பூட்ச்சி. பேப்பரு எம்பேருல கீது, ஓட்றது என் தம்பி அம்புரோஸு. போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கெழம, குப்பமே பூசையில இருக்கசொல்ல கரையிலேர்ந்து எவனோ வலிச்சிகினு போய்ட்டான். இப்ப ஊரு இன்னா சொல்லுது தெரியுமா? தம்பிதான் வித்துட்டு, வடக்குக் குப்பத்துக்காரன் மேல பழி போட்டு நாடகம் ஆடுறான்னு சொல்லுது. வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர்க்கூட்டம். அதுக்குள்ள போட்டு கெடைக்கலன்னா அவன ஊர வுட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க.”

தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று அவள் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. அம்புரோஸோடு எவனும் கடலேற மாட்டான். அவன் மீனை எவளும் தொட மாட்டாள். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு காக்காய் கூட வராது.

இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டரை.

அந்த மீனைக் குழம்பு வைத்து மூன்று தட்டு தின்றவன் முபாஷிர். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சங்கமித்ரா பக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் கண்ணாடி மாதிரி காய்ந்து போன ஒரு வளையம். படகுப் பட்டறைகளில் பூசுகிற ரெசின். பக்கெட்டின் வெளியே மார்க்கரில் ‘அ.து.’ என்று எழுதியிருந்தது.

“மீன் விக்கிற பொம்பள மீன அலுமினியக் கூடையில வெப்பா. ரெசின் பக்கெட்டுல போட மாட்டா, நாத்தம் புட்ச்சிக்கும்,” என்றாள் அப்போது. “இந்தப் பக்கெட்டு அவ கைக்கு எப்டி வந்துச்சி? அத்த கண்டுபுடி, போட்டு தானா வரும்.”

“எனக்கு வயித்துல ரெசின் செட்டாயிட்டு இருக்கு, நீங்க பக்கெட்டுக்கு ஜாதகம் பாருங்க,” என்றான் முபாஷிர்.

காலையிலிருந்து நாலு பட்டறை ஏறி இறங்கியாகிவிட்டது. நாலிலும் பக்கெட் உண்டு, ‘அ.து.’ இல்லை. நாலாவது பட்டறைக்காரர்தான் சொன்னார், “அது அய்யாத்துரையோடதும்மா. எண்ணூர் போற வழில.”

லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கிடைத்த ஒன்றரை முழ இடைவெளியில் முபாஷிர் ஸ்கூட்டரை நுழைத்தான். கடைசி மூச்சில் சொல்கிற கலிமாவையும் சேர்த்தே சொல்லிக்கொண்டான்.

கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வெள்ளைப் பக்கெட்டுகள் வரிசையாய்க் கவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ‘அ.து.’

“சொந்தக்காரங்கல்லாம் இங்க கீறாங்க,” என்று முபாஷிர் சங்கமித்ராவின் கையிலிருந்த பக்கெட்டைத் தட்டிக்கொடுத்தான்.

கொட்டகைக்குள் ஒரு ஃபைபர் படகு, பழைய டயர்கள் மேல் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. இருபத்தெட்டு அடி நீளம். பளபளவென்று ஆகாய நீலம். அதன் மூக்குப் பக்கம் ஒருவன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு நின்று, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். மாவு மில்லில் விழுந்து எழுந்தவன் போலத் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூள்.

“என்னம்மா வேணும்? வேலை கெடக்கு, சட்டுனு சொல்லுங்க,” என்று வந்தார் அய்யாத்துரை. தூத்துக்குடியிலிருந்து வந்து இருபது வருஷமாகியும் பேச்சை மாற்றாதவர்.

“இது யாரு போட்டு?”

“பழவேற்காட்டுப் பார்ட்டியோடது. பழைய போட்டு. புதுசாக்கித் தரச் சொன்னாவ.”

“பேப்பரு?”

“பார்ட்டிகிட்ட இருக்கு.”

“பார்ட்டி?”

“பழவேற்காட்டுல இருக்கு.”

“பழவேற்காடாச்சும் அங்கியே கீதா, இல்ல அதையும் யாருனா வலிச்சிகினு போய்ட்டாங்களா?” என்றான் முபாஷிர்.

அய்யாத்துரை முறைத்தார். சங்கமித்ரா அதற்குள் படகைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தாள். பதிவு நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு துண்டு வாட்டர் பேப்பரை எடுத்து, அடிப்பக்கம் ஓர் எட்டணா அளவுக்குத் தேய்த்தாள். நீலம் போனது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பூச்சு. அதற்குக் கீழே வெறும் ஃபைபர். அவ்வளவுதான்.

“பழைய போட்டுன்னா வெங்காயம் மாரி வருசத்துக்கு ஒரு தோல் இருக்கணும்,” என்று முபாஷிரின் காதில் சொன்னாள். “பெயிண்ட்டு உரிஞ்ச எடத்த மட்டும் தேச்சிட்டு மேல அடிக்கிறதுதான் எல்லாரும் பண்றது. இத்த மூக்குலேர்ந்து வால் வரைக்கும் கிரைண்டர் போட்டு மொட்ட அட்ச்சிக்கீறாங்க.”

“மொட்ட அட்ச்சா ஆள் அடையாளம் தெரியாதுல்ல. எங்க ஏரியா செயின் திருடனுங்க டெக்னிக்கு.”

“அம்புரோஸுக்குப் போன் போடு.”

அம்புரோஸ் கால் மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தான். நாற்பத்தைந்து வயது, தேக்குக் கட்டை உடம்பு. பன்னிரண்டு நாளாய்த் தூங்காத கண். படகைப் பார்த்ததும் ஓடி வந்து அதன் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான். மூக்கைத் தடவினான், விளிம்பைத் தடவினான். நங்கூரம் இடித்து இடித்துப் பல் போன மாதிரி இருக்குமாம் ஓரிடம். அங்கே ஒன்றுமில்லை. குனிந்து அடிப்பாகத்தில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். எழுந்தபோது அவன் முகம் செத்துப் போயிருந்தது.

“என்னுது இல்ல தங்கச்சி.”

“நல்லா பாருங்க.”

“என்னுது மஞ்ச. என் கல்யாணத்துலேர்ந்து மஞ்சதான் அடிப்பேன். கலர வுடு, மாத்திக்கலாம். என் போட்டுக்கு அடியில ஒரு விரிசல் கீது. கார்த்திக மாசம் காத்துல அது வழியாதான் தண்ணி ஏறி கவுந்துச்சி. கல்லு கிட்ட ஆறு மணி நேரம் போட்ட புட்ச்சிகினு தொங்கிகினு இருந்தேன். மறுவாரம் பட்டி வெச்சி அட்ச்சிட்டுப் போய்ட்டேன். அக்காகாரி ஒரே சண்ட, ஒழுங்கா ரிப்பேர் பண்றவரைக்கும் கடலேறாதன்னு. மீன் வர்ற நேரத்துல போட்ட கரையில போட்டா கதைக்காவுமா? ஆனா இதுல விரிசலு இல்ல. உள்பக்கம் மூணு அடுக்கு ஃபைபர் மேட் போட்டு கல்லு மாரி கீது. இது எவனோ குடுத்து வெச்சவன் போட்டு.”

சொல்லிவிட்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். “எம் பொண்ணுக்கு வர்ற மாசம் பூ வெக்கிறாங்க. ஊர் தள்ளி வெச்சவன் வூட்டுக்கு எவன் வந்து பூ வெப்பான்?” என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

மணி மூன்றே முக்கால். அய்யாத்துரை, ‘பாத்தாச்சுல்லா, கெளம்புங்க’ என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கோபத்தில் வேறெங்காவது பார்ப்போமே என்று முபாஷிர் தரையைப் பார்த்தான். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

“மேடம், இங்க வாங்க. இந்தத் தேய்க்கிற அண்ணன் பேரு இன்னா?”

“யாசின்,” என்றான் துண்டு சுற்றியவன்.

“சலாம் பாய். நாங்க வரசொல்ல நீ மூக்குப் பக்கம் வெறுங்கால்ல நின்னுகினு இருந்த. இப்ப வால் பக்கம் தேய்க்கிற, கால்ல செருப்பு கீது. ஃபைபர் தூளு கால்ல குத்துனா மூணு நாள் சொறிஞ்சிகினு கெடக்கணும். மூக்குப் பக்கம் மட்டும் இன்னாத்துக்கு செருப்பக் கழட்டுற? அங்க இன்னா மசூதியா கீது?”

யாசின் கையிலிருந்த வாட்டர் பேப்பர் நின்றது.

சங்கமித்ரா முபாஷிரிடமிருந்து ஸ்கூட்டர் சாவியை வாங்கி, சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கிறவளைப் போலப் படகைத் தட்டிக்கொண்டே வாலிலிருந்து மூக்குக்கு நடந்தாள். டொக். டொக். டொக். மூக்குக்கு ஒரு கை முன்னால் சத்தம் மாறியது. டப். அவள் சுற்றிலும் தட்டினாள். இரண்டு சாண் நீளம், ஒன்றரைச் சாண் அகலம். அதற்குள் எல்லாம் டப், வெளியே எல்லாம் டொக்.

“அம்புரோஸண்ணே, உங்க போட்டுல இந்த எடத்துல இன்னா இருந்துச்சி?”

“மாதா படம். அக்கா சொல்லி வரைஞ்சது. கடலேறசொல்ல அத்த தொட்டுட்டுதான்...” அவன் பேச்சு பாதியில் நின்றது.

“யாசின் பாய், ஒரு கத்தி குடு.”

யாசின் அய்யாத்துரையைப் பார்த்தான். அய்யாத்துரை கடலைப் பார்த்தார். யாசின் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். “நீங்க வாணாம்மா, ஒடச்சிடுவீங்க. நானே எடுக்கிறேன்,” என்று கத்தி நுனியை நீலப் பூச்சில் பதித்து, ஓரமாய் ஒரு கோடு கிழித்தான். நெம்பினான்.

கல்லிலிருந்து தோசை கிளம்புகிற மாதிரி அந்தத் துண்டு அப்படியே கழன்று வந்தது.

கீழே மாதா. நீலச் சேலை, கையில் குழந்தை, ஒரு கீறல் இல்லை. சுற்றிலும் பழைய மஞ்சள்.

அம்புரோஸ் முட்டி போட்டுவிட்டான். மாதாவின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். முபாஷிருக்கும் கண்ணில் ஏதோ தூள் விழுந்துவிட்டது. ஃபைபர் பட்டறை, விழத்தான் செய்யும்.

அழுகை முடிந்ததும் அம்புரோஸ் எழுந்த வேகத்தில் அய்யாத்துரையின் சட்டை கொத்தாய் அவன் கையில் இருந்தது. “எவன்டா குட்த்தான்? சொல்லுடா! எவன்டா அந்தத் திருடன்?”

“கைய எடுங்கண்ணே,” என்றாள் சங்கமித்ரா. “திருடன் எவனும் இல்ல.”

“இன்னா மேடம், கண்ணு எதிர்ல கீது போட்டு!” என்றான் முபாஷிர்.

“யோசிடா முபா. மாதா மூஞ்சில கிரைண்டர் வெக்க யாசின் பாய்க்குக் கை வரல, ஒத்துக்கிறேன். அவரு மதம் வேற, ஆனாலும் மனசு வரல. அப்ப இன்னா பண்ணணும்? மேல ஒரு அடுக்கு மேட் போட்டு ரெசின் பூசி மூடிட்டா முடிஞ்சிது. ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும். ஆயுசுக்கும் எடுக்க முடியாது. ஆனா இது தோச மாரி கழண்டு வந்துச்சே, ஏன்?” அவள் விரலால் படத்தின் மேல் தடவிக் காட்டினாள். விரல் வழவழத்தது. “மெழுகு. மோல்டுல புதுப் போட்டு வார்க்கசொல்ல மொதல்ல மோல்டு மேல மெழுகு தேய்ப்பாங்க, ஒட்டாம கழட்டி எடுக்கறதுக்கு. காலைல ரெண்டாவது பட்டறையில பாத்தோம்ல. மூடிட்டு மறந்துடணும்னு நெனைக்கிறவன் மெழுகு போட மாட்டான். திரும்பவும் இந்த மூஞ்சியப் பாக்கணும்னு நெனைக்கிறவங்கதான் போடுவாங்க.”

அம்புரோஸ் அய்யாத்துரையின் சட்டையை விட்டான்.

“அது மட்டும் இல்ல. திருடி விக்கிறவன் வெளிய பளபளன்னு காட்டுவான். உள்ள அடியில, யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல, மூணு அடுக்கு மேட் எதுக்குப் போடுறான்? உள்ள குந்தி கடலுக்குப் போறவன் உசிரு மேல ஆசை வெச்சவங்க வேல அது. மொட்ட அட்ச்சதும் ஒளிக்கறதுக்கு இல்ல. எங்கெங்க விரிசல் கீதுன்னு பாக்கறதுக்கு.”

அய்யாத்துரை பெருமூச்சு விட்டார். “நாந்தான் ஆள் அனுப்பிக் கடல் வழியா கட்டி இழுத்துட்டு வந்தேன். ரோட்டுல போறவன் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு நெறத்த மாத்தச் சொன்னாவ. யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்மா. என் வாய்லருந்து பேரு வராது.”

“வர வாணாம்,” என்று சங்கமித்ரா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் காசிமேட்டு ஏலச் சத்தம். “ஆலிஸக்கா, ஒரு போட்டு கெடச்சிக்கீது. நீலக் கலரு. மூக்குல கத்தி வெச்சி கீறிப் பாத்தோம்.”

“ஐயோ!” என்றது போன். “அம்மா மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவலியே?”

முபாஷிர் வாயைப் பிளந்தான். மாதாவைப் பற்றி அவளிடம் இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்புரோஸ் போனைப் பிடுங்கினான். “அக்கா. நீயா?”

ஏலச் சத்தம் தூரமாய்ப் போனது. எங்கோ ஒதுங்கி நிற்கிறாள் போல. “நாந்தான்டா.”

“ஊரே என் மூஞ்சில காறித் துப்புது. நீ பாத்துகினு சும்மா இருந்த!”

“ஒரு வாரத்துல வேல முடிஞ்சிடும், கொண்டாந்து நிறுத்தி ‘பார்றா புதுப் போட்டு’ன்னு சொல்லலாம்னு இருந்தேன். மழையில ரெசின் காயல. அதுக்குள்ள நீ வடக்குக் குப்பத்துக்காரன் மேல பழி போட்ட, அவன் உம்மேல போட்டான், ஊரு கூடிச்சி. அப்பால எனக்கு வாய் வரலடா. முப்பது வருசம் வாக்கு சுத்தமா வியாபாரம் பண்ணவ, நாலு பேரு முன்னால எப்டிடா சொல்லுவேன்? பயந்துட்டேன்.”

“அதுக்கு என்னத் தள்ளி வெக்க வுட்டுருப்ப!”

“ஊரு தள்ளினா நாளைக்குச் சேத்துக்கும்டா. கடலு இழுத்துகினா திருப்பிக் குடுக்குமா?” அவள் குரல் உடைந்தது. “ஆறு மணி நேரம், அம்புரோஸு. கல்லு மேல நின்னு கத்திகினு இருந்தேன். உனக்கு எட்டு நாள்ல மறந்துட்ச்சி. எனக்கு மறக்கல.”

அம்புரோஸ் போனைச் சங்கமித்ராவிடம் நீட்டிவிட்டுப் படகின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஒரே ஒரு கேள்விக்கா,” என்றாள் சங்கமித்ரா. “அந்தப் பக்கெட்டு. அவசரத்துல கைக்குக் கெடச்சத எடுத்தாந்தீங்களா?”

“முப்பது வருசமா மீன் விக்கிறேன், மீன இன்னாத்துல போடணும்னு எனக்குத் தெரியாதா தங்கச்சி? எனக்கு வாய் வரல, பக்கெட்டாச்சும் பேசட்டும்னுதான்,” என்றாள் ஆலிஸ்.

“அப்ப தெரிஞ்சேதான் எனக்கு ரெசின் கொழம்பு ஊத்துனீங்களா?” என்று முபாஷிர் கத்தினான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஐந்து மணிக்குக் கோயில் முன்னால் குப்பம் கூடியிருந்தது. நடு நாற்காலியில் ஊர்த் தலைவர் குணசேகரன். வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த அம்புரோஸ் ஒரே வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். “நாந்தான் பட்டறையில வுட்டேன், குடி போதையில மறந்துட்டேன்.” பதினைந்து வருஷமாகக் குடியைத் தொடாதவன். ஆட்டோவில் பின்னால் வந்த சங்கமித்ராவிடமும் யாசினிடமும் முபாஷிர் இறங்கியதும் அதைச் சொன்னான்.

“அம்புரோஸு, போட்டு எங்க?” என்றார் தலைவர்.

அம்புரோஸ் வாயைத் திறந்தான். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஆலிஸ் எழுந்து நடுவில் வந்து நின்றாள். மீன் கவிச்சி போகாத சேலை, முழங்கை வரை செதில்.

“அவன கேக்காத. போட்ட எடுத்தது நானு. பூசைக்கு வராம பட்டறைக்கு அனுப்பனது நானு. தெரிஞ்சும் வாய மூடிகினு இருந்ததும் நானு. அவன் ஒரு தப்பும் பண்ணல. தள்ளி வெக்கறதுன்னா என்னத் தள்ளி வெய்யி.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். அவருடைய பஞ்சாயத்து அனுபவத்தில் தன் பொருளைத் தானே திருடியவளுக்கு என்ன தண்டனை என்று இல்லை.

“அம்புரோஸு, நீதான் பாதிக்கப்பட்டவன்,” என்றார் கடைசியில். “உங்கக்கா மேல எதுனா பிராது கீதா?”

“கீது தலைவரே,” என்றான் அம்புரோஸ்.

ஆலிஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். முபாஷிர் சங்கமித்ராவின் கையைப் பிடித்தான்.

“நீலம் அட்ச்சிக்கீறா. எனக்கு மஞ்சதான் வேணும். மொத்தமா சொரண்டிட்டு மறுபடி அடிக்கணும்.”

எங்கோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும்.

“அதுக்கு எத்தினி நாளு புடிக்கும்?” என்று தலைவர் யாசினைக் கேட்டார்.

“நல்லா காயணும்னா பதினஞ்சு நாளு,” என்றான் யாசின்.

பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாளும் கரைதான். மீன் வருகிற நேரம். அம்புரோஸ் கடலை ஒரு தடவை பார்த்தான், அக்காவை ஒரு தடவை பார்த்தான்.

“இருபது நாள் ஆவட்டும்,” என்றான். “நல்லாவே காயட்டும்.”

“சோமாறி,” என்று தம்பியைத் திட்டிவிட்டு, ஆலிஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.